நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு தக்கைப்பூண்டு

மண் மெலிந்துபோனால் அதற்குச் செடி கொடுக்க வேண்டும். தக்கைப்பூண்டு, சணப்பு, கொளுஞ்சி என்று ஏதாவது ஒன்றை நெருக்கமாக விதைத்து, நாற்பத்தைந்து நாள் வளரவிட்டு, பூ எடுப்பதற்கு முன்னால் வெட்டி, அதே மண்ணில் மடக்கிப் புதைத்துவிட வேண்டும். மக்கிய பிறகு அங்கே எதைப் போட்டாலும் வரும். விஷயம் இவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு நாலு வரி ஆயிற்று. கிழக்கு மண்டல மிதவை மேற்பார்வை இயக்ககத்துக்கு இருநூற்றுப் பதினான்கு பக்கம் ஆயிற்று. அப்படியும் விளங்கவில்லை.

மேற்படி இயக்ககம் கல்கத்தாவில் கிடர்பூரில் இருக்கிறது. கப்பலுக்கு வழி காட்ட ஆற்றில் மிதக்கவிட்டிருக்கும் மிதவைகள் மிதக்கின்றனவா என்று பார்த்து, 'மிதக்கின்றன' என்று மாதம் ஒரு முறை தில்லிக்கு எழுதுவது எங்கள் தலையாய கடமை. நான் அங்கே அனுப்புகைப் பிரிவில் இருக்கிறேன். பெயர் கலியன், சொந்த ஊர் கடலூர். போகிற வருகிற காகிதமெல்லாம் என் கையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதால் ஆபீஸ் கதை அத்தனையும் எனக்குத் தெரியும். எதற்கும் நான் பொறுப்பு கிடையாது. இருபது வருஷ சர்வீஸில் நான் சம்பாதித்த ஒரே நிம்மதி அதுதான்.

ஸ்டோர்ஸ் பிரிவுக்குத் தலைவர் உத்தமன். திருச்சி திருவெறும்பூர்க்காரர். இங்குள்ள வங்காளிகள் பெயரின் வாலை நறுக்கிவிட்டு 'உத்தம்தா' என்று அவரைத் தங்கள் வீட்டு அண்ணனாகவே ஆக்கிக்கொண்டார்கள். ஊரில் ஒரு வீடு கட்டியிருந்தார். கட்டி ஏழு வருஷம் ஆகிறது. அதில் அவர் மொத்தம் பதினொரு நாள்தான் தூங்கியிருக்கிறார். மற்ற நாளெல்லாம் வாடகைக்காரர் தூங்கினார். திருச்சிக்கு மாற்றல் கேட்டு ஆறு விண்ணப்பம் போட்டாயிற்று. ஓய்வு பெற இரண்டே வருஷம் பாக்கி.

அவர் மனைவி சௌந்தரம் அவரைப் போல விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிற ஆள் இல்லை. ஆபீஸ் வளாகத்திலேயே உள்ள குவார்ட்டர்ஸில் எங்கள் சி பிளாக்குக்குப் பின்னால் ஒன்றரை காட்டா நிலம் சும்மா கிடந்தது. காட்டா என்பது இந்த ஊர் அளவு; ஒரு நடுத்தர வீடு கட்டலாம், அவ்வளவு இடம். கொத்தினால் செங்கல் துண்டும் நிலக்கரிச் சாம்பலும்தான் வந்தன. அதில் இரண்டு தடவை கத்தரி வைத்தார். இரண்டு தடவையும் பட்டுப்போயிற்று. கிடர்பூர் மார்க்கெட்டில் விதைக்கடைக்காரரிடம் போய்ச் சண்டை பிடித்தார். அவர் விதையில் குற்றமில்லை, மண்ணில்தான் ஒன்றுமில்லை என்று சொல்லி 'தோஞ்சே' என்று ஒரு பொட்டலம் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் நம் தக்கைப்பூண்டு. ஜூனில் முதல் மழை விழுந்ததும் கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டுச் சௌந்தரம் அதை விதைத்தார்.

ஜூலை நடுவில் செடி முழங்காலுக்கு வந்தது. அதே வாரம் தில்லியிலிருந்து ஒரு சுற்றறிக்கையும் வந்தது. 'நிலையான பசுமைச் சொத்து உருவாக்க இருவார விழா' என்று தலைப்பு. ஒவ்வோர் அலுவலகமும் தன் வளாகத்தில் உருவாக்கிய பசுமையை எண்ணிக்கையுடனும் படத்துடனும் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கத் தவறும் அலுவலகத் தலைவர் தில்லிக்கு நேரில் வந்து காரணம் கூற வேண்டும்.

எங்கள் இயக்குநர் நிர்மால்ய ஹால்தார் தங்கமான மனிதர். யாருக்கும் கெடுதல் செய்ய மாட்டார். நல்லதும் முன்னுதாரணம் இருந்தால்தான் செய்வார். சுற்றறிக்கையைப் படித்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். மணி பிளான்ட் ஒன்று இருந்தது. தொட்டுப் பார்த்தார், பிளாஸ்டிக். டீயோடு ஜன்னலுக்கு வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"அது என்ன, பச்சையாக?"

"உத்தம்தா வீட்டம்மா போட்டது சார்," என்றேன்.

"நிலம் யாருடையது?"

"அரசாங்கத்தோடது."

"அரசாங்க நிலத்தில் தனியார் செடி எப்படி முளைக்க முடியும்?"

இந்தக் கேள்விக்குத் தாவரவியலில் பதில் இருக்கலாம். ஆபீஸில் இல்லை. அன்று மாலைக்குள் அது அரசாங்கச் செடி ஆகிவிட்டது.

எண்ணுவதற்கு நாலு கிளார்க்குகளை இறக்கினார்கள். இரண்டு தடவை கணக்கு தப்பி, மூன்றாம் நாள் நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு என்று முடிவாயிற்று. சராசரி உயரம் ஓரடி இரண்டங்குலம். படம் எடுத்து இணையதளத்தில் ஏற்றினார்கள். இனி பதிவேட்டில் ஏற்ற வேண்டும். எங்கள் ஸ்டோர்ஸில் பதிவேடு இரண்டு. பினாயில், கோந்து, பென்சில் என்று தீர்ந்துபோகிற சாமானுக்கு ஒன்று. பீரோ, நாற்காலி, கடிகாரம் என்று இருந்துகொண்டே இருக்கிற சாமானுக்கு இன்னொன்று. அதற்கு டெட் ஸ்டாக் ரெஜிஸ்டர் என்று பெயர்.

"சார், இது நாப்பத்தஞ்சு நாள்ல வெட்டி மண்ணுக்குள்ள போட்டுடறது," என்றார் உத்தமன். "கோந்து எழுதற ரெஜிஸ்டர்ல எழுதிடறேன்."

ஹால்தார் சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார். "இங்கே 'நிலையான' என்று போட்டிருக்கிறது. கோந்து நிலையானதா?"

"இல்லை சார்."

"பீரோ?"

"நிலையானதுதான் சார்."

"அப்படியானால் பீரோவுக்குக் கீழே எழுதுங்கள்."

எழுதினார். மேலே பீரோ, கீழே சுவர்க் கடிகாரம், நடுவில் தக்கைப்பூண்டு. பொறுப்பாளர் என்ற இடத்தில் உத்தமன் கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

நாற்பத்தைந்தாம் நாள் காலையில் சௌந்தரம் அரிவாளைத் தீட்டிக்கொண்டு போனார். போன இடத்தில் கம்பி வேலி. வேலியில் ஒரு பலகை. 'அரசுச் சொத்து. இலையைக் கிள்ளுவதும் தண்டனைக்குரியது' என்று மூன்று பாஷையில் எழுதியிருந்தது. அரிவாளைக் கீழே வைக்காமல் அப்படியே இயக்குநர் அறைக்கு வந்தார். ஒன்பது வருஷ வாசத்தில் அவருக்கு வங்காளி தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பாஷை தெரிந்து என்ன செய்ய?

"மிசஸ் உத்தம், இதை எதற்கு வெட்ட வேண்டும்?"

"வெட்டத்தானே சார் விதைச்சேன்."

"வெட்டுவதற்கு எதற்கு விதைக்க வேண்டும்? விதைக்காமலே இருந்திருந்தால் வெட்டாமலே அதே நிலைமை வந்திருக்குமே."

"மண்ணுக்காக சார். இதை உள்ள போட்டா மண்ணு தின்னும்."

"எனக்கு வேண்டும் என்று மண் இன்டென்ட் கொடுத்திருக்கிறதா?"

சௌந்தரம் தன் கையிலிருந்த அரிவாளை ஒரு தரம் பார்த்தார். நான் அவசரமாக அதை வாங்கி வைத்துக்கொண்டேன்.

டெட் ஸ்டாக்கில் ஏறிய பொருள் தானாக இறங்காது. அதைக் கழிக்க ஒரு படிவம் இருக்கிறது. பொருள் இனிமேல் பழுதுபார்க்க முடியாதபடி கெட்டுவிட்டது என்று பொறியாளர் சான்று தர வேண்டும். ஜூனியர் இன்ஜினியர் பிஸ்வாஸ் பையோடு வந்தார். ஒரு செடியை ஆட்டிப் பார்த்தார். இன்னொன்றைத் தட்டிப் பார்த்தார். 'பொருள் மிக நல்ல நிலையில் தொடர்ந்து இயங்கி வருகிறது. கோளாறு எதுவும் காணப்படவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மனிதர் பொய் சொல்லவில்லை.

அடுத்து கோப்பு தணிக்கைப் பிரிவுக்குப் போயிற்று. அங்கே ஸ்ரீனிவாசராகவன். மாம்பலத்துக்காரர். காபியில் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று கேட்டால்கூட எந்த விதியின்படி என்று திருப்பிக் கேட்பார்.

"ஒவ்வொரு சாமானுக்கும் ஆயுசு உண்டு, உத்தமன். பீரோவுக்கு இருபது வருஷம், மின்விசிறிக்குப் பத்து. செடின்னு தனியா ஒண்ணும் போடலை. மரம்னு இருக்கு. இருபத்தஞ்சு வருஷம்."

"சார், இது மரம் இல்லையே."

"மேஜை நாற்காலியும் இல்லையே. கிட்டக்க எது இருக்கோ அதுலதான் சேர்க்கணும். இருபத்தஞ்சு வருஷத்துல நாப்பத்தஞ்சு நாள் போயிருக்கு. இன்னும் இருபத்துநாலு வருஷம் பத்து மாசம் பதினஞ்சு நாள் பாக்கி. அதுவரைக்கும் கை வைக்கப்படாது."

இத்துடன் போயிருந்தால் ஒரு கத்தரித் தோட்டம் போயிற்று என்று விட்டிருக்கலாம். ஆகஸ்ட் முதல் வாரத்தில் உத்தமனுக்குத் திருச்சி மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. ஆகஸ்ட் முப்பதுக்குள் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். தவறினால் உத்தரவு ரத்து, அடுத்த வாய்ப்பு மூன்று வருஷம் கழித்து. அவருக்கு மிச்சமிருப்பதோ இரண்டு வருஷம். சௌந்தரம் பிளாக் முழுக்கக் கேசரி கொடுத்தார். உத்தமன் வாடகைக்காரருக்கு போன் போட்டு வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அன்று அவர் நடந்த நடையே வேறு.

ஒப்படைக்க வேண்டுமானால் பதிவேட்டில் உள்ளது உள்ளபடி கண்ணெதிரே இருக்க வேண்டும். மறுபடி எண்ணினார்கள். நாலாயிரத்து முந்நூற்று ஒன்பது. ஏழு குறைந்தது.

"ஆடு தின்னிருக்கும் சார்," என்றார் உத்தமன். கிடர்பூரில் ஆட்டுக்கு வேலி ஒரு பொருட்டில்லை.

"ஆடு தின்னுதுன்னா ஆட்டுக்காரன்கிட்ட எழுதி வாங்கும்," என்றார் ஸ்ரீனிவாசராகவன். "அது போகட்டும். உயரம் என்ன?"

"ஆறடி சார்."

"ரெஜிஸ்டர்ல?"

"ஓரடி ரெண்டங்குலம்."

ஸ்ரீனிவாசராகவன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஒரு செடிக்கு நாலடி எட்டங்... இல்லை, பத்தங்குலம் அதிகம். எங்கேர்ந்து வந்தது?"

"வளர்ந்தது சார்."

"ஸ்டோர்ஸ்ல சாமான் குறைஞ்சா திருட்டு. கூடினா அதைவிட மோசம் ஓய். கணக்கில்லாம உள்ளே வந்திருக்குன்னு அர்த்தம்."

"செடின்னா வளரும் சார்."

"அதுக்கு மேல் வரியிலே இருக்கிற பீரோ வளர்ந்திருக்கா?"

"இல்லை சார்."

"கீழ் வரியிலே கடியாரம்?"

மூவரையும் ஒரே பக்கத்தில் குடிவைத்தவர் உத்தமன்தானே! பிறகு, மழை பெய்ததால் வளர்ந்தது என்று விளக்கம் எழுதினார். மழை பெய்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். வானிலைக் குறிப்பு வாங்கி இணைத்தோம். அது இந்த வளாகத்தில்தான் பெய்தது என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். குறைந்த ஏழுக்குச் சௌந்தரம் பொட்டலத்தில் மிஞ்சிய விதையில் ஏழை ஊன்றிவைத்தார். எண்ணிக்கை சரியாயிற்று. விரல்நீளச் செடிகள் ஏழும் உயரத்தில் குறைகின்றன என்று தனிக் கோப்பு திறந்தார்கள்.

இந்த அழகில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நகரத்தின் மறுகோடி நியூ டவுனிலிருந்து அனுராதா என்று ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலை, இருபத்திரண்டாவது மாடியில் ஃபிளாட். 'மண்ணோடு நான்' என்று ஒரு குழு நடத்துகிறாள். எங்கள் ஆபீஸ் இணையதளத்துப் படத்தை எப்படியோ பார்த்திருக்கிறாள். மூன்று டாக்ஸியில் ஒன்பது பேர் வந்து இறங்கினார்கள். அத்தனை பேரும் சேற்றில் புரண்டு எழுந்த நிறத்தில் உடை போட்டிருந்தார்கள். கடையில் அந்த நிறத்துக்குத்தான் விலை அதிகமாம். செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்று கண்ணை மூடினார்கள்.

"ஆன்ட்டி, இங்க காலை வெச்சதுமே ஒரு எனர்ஜி வருது. அப்படியே மெத்துனு, வார்மா..."

"அது ஆட்டுப் புழுக்கைம்மா. செருப்பப் போட்டுக்க," என்றார் சௌந்தரம்.

அனுராதா அசரவில்லை. செடியைக் கட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டாள். இதை வெட்ட அனுமதி கேட்டு அலைகிறோம் என்று சௌந்தரம் சொன்னதும் அவள் முகம் மாறிப்போயிற்று.

"கட் பண்ணப் போறீங்களா? எப்படி ஆன்ட்டி மனசு வருது? இட்ஸ் எ லிவிங் பீயிங்!"

"வெட்டி உள்ள போட்டாத்தாம்மா மண்ணுக்கு ஏதாவது கிடைக்கும். இப்பவே தண்டு முத்திக்கிட்டு வருது. இன்னும் விட்டா வெறகுதான்."

"நாங்க மண்ணுக்காகத்தான் ஆன்ட்டி இவ்வளவு தூரம் வந்திருக்கோம். எங்களுக்கும் தெரியும்."

அன்று மாலையே 'கிடர்பூர் வனத்தைக் காப்போம்' என்று இணையத்தில் கையெழுத்து வேட்டை தொடங்கிவிட்டாள். நான்கே நாளில் பதின்மூன்றாயிரம் பேர் போட்டார்கள். ஒரு செடிக்கு மூன்று பேர் வீதம். அதைத் தில்லியில் யாரோ பார்த்து, எங்கள் வனத்தை அகில இந்தியப் பசுமை விருதுக்கு எடுத்துக்கொண்டார்கள். தேர்வுக் குழு நவம்பரில் வரும். அதுவரை இலை அசையக் கூடாது என்று ஹால்தார் உத்தரவு போட்டார். காற்றுக்கு நகல் அனுப்பவில்லை, அவ்வளவுதான் குறை.

ஆகஸ்ட் இருபத்தாறு. ஆபீஸ் விட்டு வரும்போது உத்தமன் பிளாக் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் போகவில்லை.

"கலியன், எங்க வீட்டு மாடிக்கு எத்தனை படின்னு இன்னைக்கு நெனச்சுப் பார்த்தேன். தெரியல. வாடகைக்காரருக்குத் தெரியும். நான் வாங்கிப் போட்ட கல்லு, எனக்குத் தெரியல."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயது ஆள் அழுவதைப் பார்ப்பது சங்கடம். அதுவும் தக்கைப்பூண்டுக்காக. ஒரு மாசமாக இந்தக் கதையை டீக்கடையில் நடித்துக் காட்டிக்கொண்டிருந்த எனக்கு அன்று வெட்கமாக இருந்தது.

சௌந்தரம் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணா, அந்த ரெஜிஸ்டர்ல என்னென்ன கட்டம் இருக்கு?"

"வரிசை எண், சாமான் பேரு, எத்தனை, தேதி, நிலை, இருக்கிற இடம்."

"கழிக்கறதுக்குத்தான் இத்தனை பேர் கையெழுத்தா? இடத்தை மாத்தினா?"

"அதுக்கென்ன, அறைக்கு அறை நாற்காலி மாத்தறதில்லையா? பொறுப்பாளர் ஒரு குறிப்பு எழுதினா போதும். இயக்குநர் கையெழுத்தைச் சுழிச்சுடுவார்."

"பழைய கோப்பெல்லாம் எங்க வெப்பீங்க?"

"கீழ, தரைக்கு அடியில ஒரு அறை இருக்கு. அங்கதான்."

"அப்ப இதையும் தரைக்கு அடியில வைங்க," என்றார் சௌந்தரம்.

நான் அங்கேயே மாடிப்படியில் உட்கார்ந்து குறிப்பை எழுதினேன். வாழ்நாளில் நான் சொந்தமாக எழுதிய முதல் குறிப்பு. 'மேற்படி 4,316 எண்ணிக்கையுள்ள பசுமைச் சொத்துகள் தற்சமயம் நிலத்தின் மேல், திறந்த வெளியில், வெயில், மழை மற்றும் ஆடு ஆகியவற்றால் பாதிப்புக்கு உள்ளாகும் வகையில் வைக்கப்பட்டுள்ளன. பாதுகாப்பு கருதி, அவற்றை உரிய முறையில் சிறிதாக்கி, அதே இடத்தில் நிலத்தின் கீழ் முக்காலடி ஆழத்துக்கு இடமாற்றம் செய்யலாம். எண்ணிக்கையில் மாற்றம் ஏதும் இல்லை.'

"நவம்பர் குழுவுக்கு எதைக் காட்டுவது?" என்று கேட்டார் ஹால்தார்.

"சொத்து பத்திரமா இருக்கிறதைக் காட்டலாம் சார். மேல பலகை அப்படியே இருக்கும்," என்றேன்.

ஹால்தார் யோசித்தார். "கழிக்கவில்லையே?"

"இல்லை சார். இடம்தான் மாறுது."

சுழித்தார். ஸ்ரீனிவாசராகவன் இரண்டு தடவை படித்தார்.

"கீழே போனா வளருமோ?"

"வளராது சார்."

"இனிமே உயரம் கூடாதே?"

"ஒரு அங்குலம்கூட கூடாது சார்."

"பேஷ். இதை முன்னாடியே பண்ணியிருக்கப்படாதோ? இவ்வளவு நாள் திறந்த வெளியிலே போட்டு வெச்சிருந்ததே தப்பு," என்று ஒப்பமிட்டார்.

அனுராதாவைச் சௌந்தரமே பார்த்துக்கொண்டார். "வெட்டலம்மா, மண்ணுக்கே திருப்பிக் குடுக்கறோம்," என்று போனில் சொன்னார். அடுத்த நாள் ஒன்பது பேரும் லீவு போட்டுவிட்டு வந்தார்கள். 'தாய்மடி திரும்புதல்' என்று ஒரு சடங்கு. கண்ணீர் விட்டுக்கொண்டே ஒவ்வொரு செடியாகத் தறித்து, மண்ணைத் தள்ளி மூடினார்கள். மத்தியானத்துக்குள் ஒன்றரை காட்டாவும் முடிந்தது. கூலிக்கு ஆள் பிடித்திருந்தால் இரண்டு நாள் ஆகியிருக்கும்.

முப்பதாம் தேதி. ஹவுராவில் சாயங்காலம் ரயில். எல்லாம் தயார், வாங்கிக்கொள்ள ஆள்தான் இல்லை. உத்தமன் இடத்துக்கு விசாகப்பட்டினத்திலிருந்து வர வேண்டியவர் மருத்துவ விடுப்பில் போய்விட்டார். யாராவது ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால்தான் உத்தமனை விடுவிப்பேன் என்றார் ஹால்தார். ஆளாளுக்குத் தலையைக் குனிந்துகொண்டு மும்முரமாக வேலை பார்த்தார்கள். மணி இரண்டே முக்கால். உத்தமன் என்னைப் பார்க்கக்கூட இல்லை. யாரிடமும் கேட்கிற தெம்பு அவரிடம் இல்லை. 'நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு, நிலத்தின் கீழ், நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டேன்.

ஸ்டேஷனில் ஜன்னல் வழியாகச் சௌந்தரம் சொன்னார்: "அண்ணா, தண்டு கொஞ்சம் முத்திப்போச்சு. அதனால ஒரு மாசம் விட்டுட்டுக் கத்தரி போடுங்க. நான் தின்னா என்ன, பிளாக்குல வேற யாராவது தின்னா என்ன?" உத்தமன் என் கையைப் பிடித்தவர் வண்டி நகர்ந்த பிறகுதான் விட்டார். அந்த வாரமே போனில், பதினெட்டுப் படி என்று சொன்னார்.

நவம்பரில் தேர்வுக் குழு வந்தது. பலகையைப் படித்தது. வெறும் தரையை இரண்டு நிமிஷம் மரியாதையாகப் பார்த்தது. ஆடு, வெயில், புயல் எதனாலும் பாதிக்கப்படாத நாட்டின் முதல் நிலத்தடி வனம் என்று எங்களுக்கே விருதைக் கொடுத்தது. ஹால்தார் மேடையில் கண் கலங்கினார்.

கத்தரி போட ஸ்ரீனிவாசராகவன் விடவில்லை. இருப்புச் சரிபார்ப்பு முடியாமல் ஒரு சாமானின் மேல் இன்னொரு சாமானை வைக்கக் கூடாது என்று விதி இருக்கிறதாம். சரி, மார்ச் வரைதானே என்று பொறுத்தேன். மார்ச்சில் சரிபார்க்க வந்தார்கள். தோண்டினார்கள். ஒரு செடிகூட இல்லை. செங்கல்லும் சாம்பலும் கிடந்த இடத்தில் கறுகறுவென்று பொலபொலத்த மண். கையில் அள்ளினால் மண்புழு நெளிந்தது. விதைக்கடைக்காரர் சொன்னபடியே நடந்திருந்தது. ஓர் இம்மிகூடத் தப்பவில்லை.

அறிக்கை இரண்டு பத்தி. ஒன்று: 4,316 பசுமைச் சொத்துகள் காணவில்லை, பொறுப்பாளர் திரு. கலியன். இரண்டு: கொள்முதல் உத்தரவு ஏதுமின்றி, உயர்தர மண் ஒன்றரை காட்டா பரப்பில் கணக்கில் வராமல் இருப்பு காணப்படுகிறது, பொறுப்பாளர் அதே திரு. கலியன்.

"மண்ணு பிரமாதமா இருக்கு ஓய்," என்றார் ஸ்ரீனிவாசராகவன் உண்மையான சந்தோஷத்தோடு. "இதை உடனே டெட் ஸ்டாக்கிலே ஏத்தும். நிலை 'மிக நன்று'ன்னு போடும். விசாரணை முடியறவரைக்கும் அந்த நிலை குறையாம பார்த்துக்கறது உம்ம பொறுப்பு."

"அதுல ஏதாவது போட்டா சார்?"

"செடி போட்டா மண்ணிலே இருக்கிறதை உறிஞ்சிடும். தேய்மானம் ஆச்சே!"

எனக்குக் கடலூருக்கு மாற்றல் வந்து இரண்டு மாசம் ஆகிறது. மண்ணை இதே நிலையில் ஒப்படைத்தால்தான் விடுவிப்பார்கள். மாடி வீட்டு சுதேஷ்ணா பௌதி, அதாவது அண்ணி, தட்டு நிறைய மிளகாய் நாற்று எடுத்துக்கொண்டு வந்தார். "கலியன்தா, ஓரத்திலே ஒரே ஒரு வரிசை," என்று கேட்டார். முடியாது என்றேன். விதியைக் காட்டினேன். அவர் போன பிறகு வேலியை இன்னும் ஓரடி உயர்த்தினேன்.

ஞாயிறுதோறும் திருச்சியிலிருந்து சௌந்தரம் போன் பண்ணுகிறார். கத்தரி காய்க்குதாண்ணா என்று கேட்கிறார். காய்க்குதும்மா, பிளாக் முழுக்க உங்க கத்தரிக்காய்தான் என்கிறேன்.

இப்போது மழைக்காலம். அது நல்ல மண். காக்கை எச்சமிட்டால் போதும், முளைத்துவிடுகிறது. தினமும் ஆபீஸ் போவதற்கு முன்னால் வேலிக்குள் போய், முளைத்ததையெல்லாம் வேரோடு பிடுங்கிவிட்டு வருகிறேன். இன்று காலை இருபத்தேழு. அதில் ஒன்று தக்காளி. பிடுங்கி எறிந்த பிறகும் வாசனை விரலை விட்டுப் போகவில்லை. அந்தக் கையோடேயே ஆபீஸுக்குப் போய், ரெஜிஸ்டரைத் திறந்து, மண்ணின் நிலை 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.